கல்லுப்பில் எண்ணிய வௌவால்கள்

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி மீன் மார்க்கெட்டில், வவ்வால் மீன் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் செதில் ஒட்டிய கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வவ்வாலா? முன்ன மாதிரி எங்க வருதுக்கா? எப்பனா ஒண்ணு ரெண்டு கண்ல படும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் இல்லை என்றதும் சிரிக்கிற பெண்ணை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. இதே பதிலைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கைப்பட, பேனா அழுந்த, எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

அது என் முதல் வேலை, வௌவால் கணக்கெடுப்பு. "இதுக்குத்தான் டிகிரி படிச்சியா?" என்று அம்மா கேட்டாள். மரக்காணம் உப்பளக் கரையில் எலிவால் வௌவால் என்ற ஒன்று மிச்சமிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். உடம்பு கட்டைவிரல் அளவுதான். வால் மட்டும் எலிக்கு இருப்பதுபோல நீளமாகத் தொங்கும். பாழடைந்த கட்டடம்தான் அதற்கு வீடு. இந்தப் பக்கம் அதைப் பார்த்தே வெகுகாலமாயிற்று என்று ஆராய்ச்சி செய்யும் மேடம் சொல்லியிருந்தார். அவர் சென்னைக்குப் போயிருந்த ஒரு வாரம், படிவங்களைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகக் கிளம்பினேன்.

நான் கிளியனூர்க்காரி. எங்கள் வீட்டில் மீன் என்றால் கருவாடு, கருவாடு என்றால் நெத்திலி. வவ்வால் என்று ஒரு மீன் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அதனால் "வவ்வால் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டபோது கடற்கரை ஜனங்கள் காட்டிய உற்சாகத்தை, ஆகா, என்ன ஒரு இயற்கை ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்ததுண்டா? உண்டு. எண்ணிக்கை? குறைந்துவிட்டது. காரணம்? பெரிய போட்டுகள் வாரிக்கொண்டு போகின்றன. வௌவாலை எதற்குப் போட்டில் போய் வாருகிறார்கள் என்று எனக்கு இடிக்கத்தான் செய்தது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி எழுது என்பது மேடத்தின் உத்தரவு. எழுதினேன்.

கடைசியில் ஒருவர், "கருப்பு ஆப்டும்மா, வெள்ளதான் கஷ்டம்" என்றார். வெள்ளை வௌவால்! உடனே மேடத்துக்கு போன் போட்டேன். மறுநாளே அவர் ஜீப்பில் வந்து இறங்கினார், கழுத்தில் கேமராவோடு.

வழியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்காவிடம்தான் முதலில் கேட்டோம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், குரல் மட்டும் பத்து பேருக்கு உண்டானது. பலகையை ஊன்றிக்கொண்டு, "வெள்ள வவ்வாலா? வறுவலுக்கா கொழம்புக்கா?" என்றார்.

மேடம் என் படிவங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஒரு வாரமா மீனையா எழுதியிருக்க?" பிறகு, "நாளையிலிருந்து நீ வர வேணாம்." வெட்கம் பிடுங்கித் தின்றது. உப்புப் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"இன்னாம்மா, இதுக்குப் போய் அழுவுற?" என்றார் ஸ்டெல்லா அக்கா. "பறக்கறதுன்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எங்க கெடங்குல நூலாட்டம் வாலு வச்சிக்கினு தொங்குதே, அதுவா பாருங்க."

அந்தப் பழைய உப்புக் கிடங்கின் வாடை இருக்கிறதே, உப்பும் எச்சமும் ஈரமும் கலந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தால் எனக்கு அந்த வாடை வருகிறது. வீட்டில் யாரும் நம்புவதில்லை. மேடம் டார்ச் அடித்தார். சுவரோடு சுவராக, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவைதான். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை வேலையை விட்டு நிறுத்தியது அவருக்கு மறந்தே போய்விட்டது. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் அடுத்த வாரம் கிடங்குக்குத் தகரக் கூரை போட்டு, ஓட்டைகளை எல்லாம் அடைக்கப் போகிறார்களாம். எத்தனை இருக்கின்றன என்று சொன்னால்தான் உப்பளத்து முதலாளியிடம் பேச முடியும் என்றார் மேடம். அன்று சாயங்காலமே உடைந்த ஜன்னலுக்கு எதிரே, வெளியே பறந்து வருவதை எண்ண நானும் ஸ்டெல்லா அக்காவும் உட்கார்ந்தோம். எனக்கு ஐம்பத்திரண்டு வந்தது. அக்கா மடியில் சேர்ந்திருந்த கல்லுப்பை எண்ணிவிட்டு, முப்பத்தெட்டு என்றார்.

"நான் நல்லாதான்கா எண்ணினேன்."

"வெளிய வந்தா ஒரு கல்லு போடணும். திரும்பி உள்ள பூந்துச்சுன்னா ஒரு கல்ல எடுத்துடணும். நீ எடுத்தியா?"

நான் எங்கே எடுத்தேன்? ஒரே வௌவாலை மூன்று தரம் எண்ணியிருப்பேன். மேடம் முப்பத்தெட்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

முதலாளி முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "சரி, அதுங்க இருந்துட்டுப் போவட்டும். கூட்டத்த மட்டும் கூட்டியாந்துடாதீங்க" என்றார். கூரையும் மாறவில்லை, ஜன்னலும் அடைபடவில்லை, என் வேலையும் போகவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம், மாதாமாதம் போய் எண்ணினோம். மேடம் அக்காவுக்கு ஒரு எண்ணும் மிஷின் வாங்கிக் கொடுத்தார், அமுக்கினால் ஒன்று ஏறும். ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார் அக்கா. "இதுல ஏத்தத்தான் முடியுது, எறக்க முடியல."

பிறகு வேலை மாறி, கல்யாணமாகி, நான் புதுச்சேரிக்கு வந்துவிட்டேன். வருஷத்துக்கு ஒரு போன் என்றாகி, அதுவும் விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை வவ்வால் கிடைக்காமல் சங்கரா மீனோடு வீட்டுக்கு வந்தவள், கழுவக்கூடத் தோன்றாமல் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டேன்.

"மீன் பொண்ணா!" என்று சிரித்தார். அந்தப் பேர் எனக்கு நிலைத்துவிட்டது. கிடங்கைப் பற்றிக் கேட்டேன்.

"போன மழைல உக்காந்துடுச்சும்மா. இப்ப வெறும் செங்கலுதான் கெடக்குது."

"அதுங்க எல்லாம்?"

"எங்க போச்சோ தெரியல. முந்தா நேத்து சாயங்காலம் ஒண்ணே ஒண்ணு அந்தப் பக்கமா சுத்திக்கினு இருந்துச்சு. வாலப் பாத்ததுமே தெரிஞ்சிட்டுது. கை தானா ஒரு கல்ல எடுத்து மடில போட்டுக்குச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, உள்ள பூந்தாத்தான கல்ல எடுக்கறதுக்கு? இருட்டற வரைக்கும் மடிலயே வச்சிக்கினு உக்காந்திருந்தேன்."