பசந்திக்குத் திறக்காத கேட்

மினியிடமிருந்து போன் வந்தபோது நான் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தேன். வேலை நேரத்தில் பனியன் கம்பெனியில் போன் எடுக்க விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விடாமல் அடித்தாள். எடுத்ததும், "பெரீம்மா, அம்மா போயிட்டாங்க," என்றாள். அவள் அம்மா பசந்தியைக் காய்ச்சலுக்காக அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். முந்தின நாள் சாயங்காலம்கூட, "நாளைக்கு வரும்போது ரசம் கொண்டாங்கக்கா," என்று என்னிடம் சொல்லியிருந்தாள். கையிலிருந்த டி-ஷர்ட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பசந்தியை அறிந்தவர்களே, இந்த அஞ்சலியை எழுதச் சொன்னது நீங்கள்தான். நாலு நல்ல வார்த்தை எழுதுங்கக்கா என்றீர்கள். ஒடிசாவிலிருந்து வந்தவள் நம்ம ஊர்க்காரியாகவே மாறிவிட்டாள் என்று இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துப் பேசினீர்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாறினாள், சரி. மாறியவளுக்கு நாம் என்ன செய்தோம்? நல்ல வார்த்தைதான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

அவள் கணவனோடு திருப்பூர் வந்திறங்கியபோது தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்த சூப்பர்வைசர் பெயரைக் கேட்டார். பசந்தி என்றாள். "அதென்ன பசந்தி? வசந்தின்னே வெச்சுக்கலாம்," என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து கம்பெனிக்கும் தெருவுக்கும் அவள் வசந்தி. நானும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்தான். நான் வாயைத் திறந்தாலே "தெக்கத்தியா?" என்று சிரித்தவர்கள் இவர்கள். ஆனாலும் என் பெயரில் யாரும் கை வைக்கவில்லை. "உனக்குக் கோவமே வரலயா?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "கூப்புட்டாப் போதுமுங்கக்கா. கூப்புடாம உட்டாத்தான் கஷ்டம்," என்றாள்.

அவள் கணவனுக்கு இந்த ஊர் ஒட்டவே இல்லை. சோறு ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ரயிலேறியவன் திரும்பி வரவில்லை. கைக்குழந்தை மினியோடு பசந்தி இங்கேயே நின்றுவிட்டாள். பக்கத்து மெஷினில் குண்டடத்துக்காரம்மா ஒருவர் இருந்தார். அவருடைய கொங்குப் பேச்சைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்கு 'ங்க' போடாமல் பேசவே வராது. சாப்பாட்டுத் தூக்கை மோப்பம் பிடிக்க வரும் தெருநாயைக்கூட, "போங்க, அக்கட்டால போங்க," என்றுதான் விரட்டுவாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் குடியிருந்தது வரிசையாக வீடுகள் கட்டிய ஒரு காம்பவுண்டில். குடிவந்த புதிதில் கடுகெண்ணெயில் எதையோ தாளித்திருக்கிறாள். அக்கம்பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டது. வீட்டுக்காரம்மா வந்து நின்று, "அந்த எண்ணெ வாசம் நமக்கு ஆகறதில்லீங்க சாமி," என்று தேனாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு அவள் அடுப்பில் கடலை எண்ணெய்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் வீட்டுக்கு வந்து, நான் வாங்கி வைத்திருக்கும் கடுகெண்ணெயில் உருளைக்கிழங்கு வதக்குவாள். "எல்லாம் இங்க வந்து சேந்திருச்சுங்கக்கா. நாக்கு மட்டும் வழியில நின்னுக்கிச்சு," என்பாள். "அது எதுக்குட்டி வரணும்? அங்கனயே நிக்கட்டும்," என்று நான் வைவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்த முதல் வருஷம் தெருவில் ஒரு சாவு. கூப்பிடாமலே போய் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து கிளம்பும்போது, தான் கற்றதிலேயே மரியாதையான வார்த்தை என்று நினைத்து, கைகூப்பி, "போயிட்டு வர்றேனுங்க," என்று சொல்லிவிட்டாள். எழவு வீட்டில்! அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். "திரும்ப வேற வர்றாளாமா? ஆரக் கொண்டுபோக?" என்று ஒரு கிழவி கத்தினாளாம். சாயங்காலம் என்னிடம் வந்து, "தீதி, மரியாதைதானே குடுத்தேன்?" என்று தேம்பினாள். அக்கா என்ற சொல் வாயில் ஏறும்வரை நான் அவளுக்குத் தீதி. எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று விளக்கினேன்.

வேறு யாராவது என்றால் அந்தத் தெருவில் ஒரு சாவுக்கும் அப்புறம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இவள் எல்லாச் சாவுக்கும் போனாள். எங்கே நிற்க வேண்டும், எப்போது தண்ணீர் எடுக்க வேண்டும், யார் யாரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்காரம்மாவின் மாமியார் படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தபோது, பெற்ற மகள்கள் மூக்கைச் சுளித்து நிற்க, அந்த உடம்பைக் கழுவித் துடைத்துச் சேலை கட்டிவிட்டது பசந்தி. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அந்த வீட்டுப் பாத்திரமெல்லாம் விளக்கினாள். "உனக்கென்னடி தலையெழுத்து?" என்று கேட்டேன். "பத்துப் பேரு சாவுக்கு நாம போனாத்தானுங்கக்கா நம்ம சாவுக்கு நாலு பேராவது வருவாங்க," என்றாள். பாவி, அதை அப்படி நம்பினாள்.

இப்போது அவள் சாவுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு நானும் மினியும் காம்பவுண்டுக்கு வந்தோம். கேட்டுக்கு உள்பக்கமாகப் பூட்டுப் போட்டிருந்தது. வீட்டுக்காரம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. வசந்தி எனக்குக் கூடப்பொறந்தவளாட்டங்க. ஆனாக் குடியிருக்கறவங்க எழவ உள்ள வெக்கற வழக்கம் எங்கீமே இல்லீங்களே. பொறகு ஆரும் குடி வரமாட்டாங்க. நேரா மின்மயானத்துக்கே கொண்டு போயிருங்க சாமி."

"அவ அடுப்பு உள்ள இருக்கு, துணிமணி உள்ள இருக்கு, அவ கும்பிட்ட சாமி படம் உள்ள இருக்கு. அவ மட்டும் வரக் கூடாதா? என்னம்மா பேசுதீங்க?"

"கத்தாதீங்க. நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும்னுதான் கத்துதேன்!"

பார்த்தார்கள். எதிர் மாடியிலிருந்து பார்த்தார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பிணங்களையெல்லாம் தொட்டவள் வண்டிக்குள் கிடந்தாள். ஒருவரும் இறங்கி வரவில்லை. என் வீட்டுக்குக் கொண்டுபோகலாமென்று என் வீட்டு ஓனருக்குப் போன் போட்டேன். "மாடிப்படி குறுகலுங்களே," என்றார். என் இரும்பு பீரோ ஏறிய படி அது. கேட்கிற நானும் வாடகைக்காரிதான் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. இவ்வளவு வருஷம் தமிழச்சி என்ற மிதப்பில் இருந்திருக்கிறேன். சாவில் எனக்கும் பசந்திக்கும் ஒரே கேட்தான்.

வண்டிக்காரர் அடுத்த நடைக்குப் போக வேண்டுமென்று அவசரப்பட்டார். இறக்குங்கள் என்றேன். தெரு யாருக்கும் சொந்தமில்லையே! முனை பேக்கரிக்காரர் கேட்காமலே கடை பெஞ்சுகளைத் தூக்கி வந்து போட்டார். அந்த மனுஷனுக்குப் புண்ணியம். கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக, பசந்தியைக் கிடத்தினோம். குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. மினி கேட்டுக்குப் போய், "அம்மாவுக்கு ஒரு கொடம் தண்ணி வேணுமுங்க," என்றாள்.

வீட்டுக்காரம்மா உள்ளே ஓடினார். தன் வீட்டுப் பித்தளைக் குடத்தில் மஞ்சள் கலந்து நிறைய எடுத்து வந்தார். கேட்டுக்கு மேலே தூக்கி நீட்டினார். அப்போது அவர் அழுதார். நான் பொய் சொல்ல மாட்டேன், நிஜமாகவே மூச்சு முட்ட அழுதார். குடம் கம்பியில் முட்டித் தண்ணீர் அவர் மேலேயே சிந்தியது. அப்போதும் கேட்டைத் திறக்கவில்லை. எனக்கு அந்தப் பூட்டைவிட அந்த அழுகையைத்தான் பொறுக்க முடியவில்லை. பாசமில்லாதவர் என்றால் நாலு கெட்ட வார்த்தை சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். பாசம் வைத்துக்கொண்டு பூட்டுகிறவரை என்ன சொல்லித் திட்டுவது?

கம்பெனியில் சாப்பாட்டு நேரம் விட்டதும் தையல் லைனில் வேலை செய்பவர்கள் ஓடி வந்தார்கள். ஒடியாப் பையன்கள், பீகார்க்காரர்கள், எங்கள் தென்பக்கத்துப் பெண்கள் என்று தெரு நிறைந்துவிட்டது. பெண்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினோம். அதற்குள் மினி தன் அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினாள். அவள் அப்பனுக்குப் போனில் சொன்னோம். ரயில் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றான். முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆன பிறகு வீட்டுக்காரம்மா மினியைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். கேட் அன்றைக்கு அகலத் திறந்து கிடந்தது. "நீ எங்கீம் போவேண்டாங் கண்ணு. எங்க ஊட்டுப் புள்ளையாட்ட இங்கயே இருந்து படி," என்று அவள் தலையைத் தடவினார்.

மினி இந்த ஊரில் வளர்ந்தவள். கல்லூரிக்குப் போகிறாள். அம்மாவைப் போலவே 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"நாஞ் செத்தாக் கேட்டைத் தெறப்பீங்களா?"

"அய்யோ, என்ன பேச்சு கண்ணு இது? வாயக் கழுவு!"

"தெறப்பீங்களா மாட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்க."

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. நானும் பதிலுக்காகத்தான் நின்றேன். அவர் மினியின் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே மினியின் சாமான்களை என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம்.

என் வீட்டிலும் மாடிப்படி குறுகலாயிற்றே. ஆகவே நாங்கள் இருவரும் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். போகிற இடமெல்லாம் முதலில் அவர்கள் கேட்கிறார்கள். எந்த ஊர், என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களா, சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்களா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறோம். பிறகு நாங்கள் கேட்கிறோம்: எங்களில் ஒருத்தி செத்துப்போனால் இந்த வீட்டுக்குள் வைத்து அழலாமா? ஒருவர், "ஊடு பாக்க வந்த எடத்துல பேசற பேச்சுங்களா இது?" என்று முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்தினார். திருமுருகன்பூண்டிப் பக்கம் ஒரு அம்மா மட்டும் கதவைச் சாத்தாமல், "எங்க ஊட்டுக்காரரக் கேட்டுச் சொல்றனுங்க," என்றார். இன்னும் சொல்லவில்லை.

பசந்தியின் பொறுமையைப் புகழ்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை அவளோடு மயானத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அவள் மகளையும், அந்த மகள் கேட்ட கேள்வியையும்தான். அதற்கு வாயைத் திறந்து 'ஆமாங்க' என்று சொல்லாத எந்த வீட்டிலும் நானும் மினியும் பால் காய்ச்சப் போவதில்லை.