பனி பெய்த குடில்

கடலூர் முதுநகரில் தையல் வேலை செய்யும் சவரிமேரி, யார் வீட்டுக்குப் போனாலும் தொட்டிச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். பூச்சி இருந்தால் வீட்டுக்காரர்களுக்குத் திட்டு விழும். 2009 டிசம்பரில் அவள் வீட்டுக்குள்ளேயே பூச்சி வந்தது.

கூடத்தில் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றித் தன் தொட்டிகளை அடுக்கி, மேலே பெரிய பல்புகளைத் தொங்கவிட்டிருந்தாள். அந்தச் சூட்டில் இலைகளுக்கு நடுவே மெல்லிய வலை பஞ்சு போலப் படர்ந்தது.

கணவன் சகாயநாதனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா மேரி, நெசமாவே பனி பேஞ்ச மாதிரி இருக்கு. இன்னைக்குப் பங்குச் சாமியாரு போட்டிக்குக் குடில் பாக்க வர்றாரு. இந்த வருசம் பரிசு நமக்குத்தான். கை வைக்காத."

சவரிமேரி ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் சிவப்புப் பொட்டுகள் ஊர்ந்தன.

"பனியாம் பனி. சிலந்திப்பேன்யா இது. தூக்கு தொட்டிய."

குளியலறையில் இலைகளின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாள். சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து தெளித்தாள். சொட்டச் சொட்டத் தொட்டிகள் குடிலுக்குத் திரும்பியபோது சாமியார் வாசலில் நின்றார்.

"என்னம்மா, குடில்ல வேப்பெண்ண நாத்தம் தூக்குது?"

சகாயநாதன் தலையில் கைவைத்தான்.

"நாளைக்கு ராத்திரி பாலன் ஏசுவ இங்கதான சாமி படுக்க வைக்கணும்," என்றாள் சவரிமேரி. "பூச்சி மேயுற எடத்துல எந்தத் தாயி புள்ளயப் போடுவா?"