ஏழு நாள் கேட்பேன் என்று சொல்லி, மூன்றாம் நாளே கொடுத்த பைல்

முதலில் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிடுகிறேன், பிறகு என் மடத்தனத்தைச் சொல்கிறேன்.

சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை காலை. என் மகள் ஹஸ்னா அலுமாரியைத் திறந்து தேடிவிட்டு, "வாப்பா, என்ட சேர்ட்டிபிகேட் பைல் எங்க?" என்று கேட்டாள். பைல் கொழும்பில் இருந்தது. அவளிடம் கேட்காமல், அவளுக்குச் சொல்லாமல் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். திங்கட்கிழமைக்குள் அது கைக்கு வராவிட்டால் பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கிடைத்த இடம் போய்விடும். இதுதான் விசயம். எப்படி அந்த நிலைக்கு வந்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

நான் கற்பிட்டியில் படகுகளுக்கும், மீனவர்கள் கரையில் போட்டிருக்கும் மீன் வாடிகளுக்கும் ஐஸ் விற்கிறவன். ஐஸ்காரனுக்கு நின்று கதைக்க நேரமில்லை, நின்றால் சரக்கு தண்ணீராகிவிடும். இருபது வருடமாக இந்தத் தொழில் செய்து என் குணமும் அப்படியே ஆகிவிட்டது. இமாம் கொஞ்சம் நீளமான சூரா ஓதினால்கூட என் கால் மாறி மாறி நிற்கும். "இவருக்கு மவுத்து வந்தாலும், கொஞ்சம் கெதியா வாங்க எண்டு மலக்குட்டயே சொல்லுவார்" என்று என் மனைவி பகிடி பண்ணுவாள். உயிர் எடுக்க வரும் வானவரையே அவசரப்படுத்துவேனாம். பொய்யில்லை.

1990இல் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரில் இருந்து நாங்கள் விரட்டப்பட்டு இங்கே வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. பிறகு முகாமில் கொஞ்ச நாள் படித்தேன். அதோடு சரி. கரையில் ஐஸ் உடைக்கப் போய்விட்டேன். அதனால் என் மகள் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்தபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. வாடியில் இருந்தவர்கள் அன்றைக்கே என்னை "டொக்டர்ட வாப்பா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவள் அதற்கு மேலுள்ள உயர்தர வகுப்புக்குப் புத்தகம்கூட வாங்கவில்லை, நான் டொக்டரின் வாப்பா ஆகிவிட்டேன். ஐஸ் கடன் கேட்கிறவனும் அப்படிக் கூப்பிட்டுத்தான் கேட்பான், நானும் கொடுத்துவிடுவேன்.

உயர்தரப் பெறுபேறு நன்றாகத்தான் வந்தது. ஆனால் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி அவளைத் தாண்டிப் போய்விட்டது. சில மாதம் கழித்துத் தாதியியல் பட்டப்படிப்புக்குத் தெரிவாகியிருப்பதாக அறிவித்தல் வந்தது. ஹஸ்னா அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய் லொறியைக் கழுவினேன். அன்று காலைதான் அதைக் கழுவியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் என்று நோட்டீஸ் வந்தது. ஏதோ ஒரு தீவு நாட்டில் மருத்துவக் கல்லூரியாம். முதல் இரண்டு வருடம் தீவில், மிச்சம் வேறொரு நாட்டு ஆஸ்பத்திரியில், திரும்பி வரும்போது டொக்டர். கோட்டும் டையும் போட்ட முகவர் ஒருவர் படம் காட்டினார். கடல் நீலமாக இருந்தது. பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக் கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஹஸ்னா எழும்பி, "அங்க படிச்சிட்டு வந்தா எங்கட நாட்டு மருத்துவச் சபை ஏத்துக் கொள்ளுமா? சோதனை எழுத விடுவாங்களா?" என்று கேட்டாள். "அதெல்லாம் நாங்க பாத்துக் கொள்ளுவம் தங்கச்சி" என்றார் அவர். அவள் அந்தப் பதிலை அப்படியே கொப்பியில் எழுதினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. பெரிய மனுசனிடம் இப்படியா கேட்பது என்று வெளியே வந்து ஏசினேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் அந்தத் தீவு, ஐஸ் இறக்கும்போதும் அந்தத் தீவு. செலவுக்கு மன்னாரில் என் வாப்பா விட்டுப்போன காணி இருக்கிறது, அதை விற்றால் போகிறது என்று எனக்குள்ளேயே முடித்துவிட்டேன். வீட்டில் தினமும் வாக்குவாதம். உண்மையில் வாதாடியது நான் மட்டும்தான். கடைசியில் மனைவிதான் சொன்னாள்.

"இஸ்திகாரா தொழுங்க. ஏழு நாள் தொழுங்க. அதுக்குப் பிறகு கதைப்பம். அது வரைக்கும் இந்த வீட்டுல இந்தக் கதை வாணாம்."

இஸ்திகாரா என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது, அல்லாஹ்விடம் நலவைக் கேட்டு ஒரு துஆ, அதாவது பிரார்த்தனை, ஓதுவது. எனக்கு அந்த துஆ மனப்பாடம் இல்லை. ஹஸ்னா ஒரு தாளில் அரபை எழுதி, கீழே தமிழில் கருத்தையும் எழுதித் தந்தாள். நான் அரபை ஓதினேன். கருத்தை வாசிக்க எனக்கு எங்கே நேரம்?

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. இஸ்திகாரா தொழுதால் கனவு வரும், வெள்ளை கண்டால் நல்லது, கறுப்புக் கண்டால் கெடுதி என்பார்கள். மார்க்கத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை என்று இப்போது தெரியும். அன்று நான் கனவுக்குத்தான் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன். திங்கட்கிழமை படுத்தபோது கனவு வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் வெள்ளை. காலையில் எழுந்து எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஐஸ் விற்கிறவன் கனவில் வெள்ளை வராமல் வேறு என்ன வரும் என்று ஒரு நிமிசம் யோசித்தேனா? இல்லை.

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் நாள். மகள் மதரஸாப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தாள். அலுமாரியைத் திறந்து அவளுடைய மூலச் சான்றிதழ்கள், பிறப்புப் பதிவு, பாஸ்போட் எல்லாம் இருந்த பைலை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினேன். முகவரின் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு சிங்களப் பெண் பிள்ளை அதை வாங்கி, ஒரு துண்டில் கையெழுத்து வைத்துத் தந்தது. ஏழு நாள் கேட்பேன் என்று அல்லாஹ்விடம் சொல்லிவிட்டு, மூன்றாம் நாளே பதிலையும் நானே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அன்றிரவும் தொழுதேன், புதன்கிழமையும் தொழுதேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வியாழக்கிழமை அவள் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "திங்கக்கிழம பதியப் போகணும் வாப்பா. ஒரிஜினல் இல்லாம எடுக்க மாட்டாங்க" என்றாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

முகவருக்கு அழைத்தேன். போன் அணைந்திருந்தது. அலுவலகத்துக்கு அழைத்தேன். அதுவும் அணைந்திருந்தது. அன்று முழுக்க எத்தனை தரம் எடுத்தேன் என்று தெரியாது. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கொழும்பு போனேன். அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர், "அவங்க கிழக்குப் பக்கம் கூட்டம் வைக்கப் போயிட்டாங்க. இனி புதன்தான்" என்றார். அந்தக் கண்ணாடிக் கதவைப் பிடித்து ஆட்டினேன். உள்ளே கதிரைகள் தெரிந்தன, சுவரில் அந்த நீலக் கடல் படம் தெரிந்தது. கதவை உடைத்தால் என்ன என்றுகூட நினைத்தேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். ஜும்ஆத் தொழுகையை அங்கேயே ஒரு பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். குத்பா உரையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை ஏழாம் நாள். மாலை அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். ஜமாஅத் தொழுகை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள், எனக்கு வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. முதன்முறையாகக் கீழே இருந்த தமிழை வாசித்தேன். மகளின் கையெழுத்து. இந்தக் காரியம் எனக்கு நல்லது என்று நீ அறிந்தால் அதை இலேசாக்கு என்று இருந்தது. கெடுதி என்று அறிந்தால் அதை என்னை விட்டுத் திருப்பிவிடு என்றும் இருந்தது. அதற்குப் பிறகும் ஒன்று இருந்தது: என்னையும் அதை விட்டுத் திருப்பிவிடு.

ஆறு நாளாக இதையா ஓதினேன் என்று இருந்தது எனக்கு. வாயால் என்னைத் திருப்பு என்று கேட்டிருக்கிறேன், மனதால் ஒரு அங்குலம் அசையவில்லை. அழுதேன். வாப்பா மவுத்தான பிறகு நான் அப்படி அழுததில்லை. "யா அல்லாஹ், பைலை நீ தந்தாலும் தராவிட்டாலும், முதலில் என்னைத் திருப்பு" என்று தமிழிலேயே கேட்டேன்.

வீட்டுக்குப் போனேன். மகள் குசினியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மகள், உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டேன். இதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

அவள் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள். "டொக்டராக விருப்பம்தான் வாப்பா. பொய் சொல்ல மாட்டன். ஆனா அங்க போய் இத்தின வருசம் படிச்சிட்டு வந்து, இங்க ஒரு நோயாளியத் தொட ஏலாது எண்டா நான் என்ன செய்ற? நான் மருத்துவச் சபைக்கு எழுதிக் கேட்டன். அந்தக் கல்லூரி அவங்கட லிஸ்ட்ல இல்ல எண்டு பதில் வந்திரிக்கி."

"எப்ப வந்த?"

"நீங்க தொழத் தொடங்கினதுக்கு அடுத்த நாள்."

"ஏன் புள்ள சொல்லல்ல?"

"நீங்க அல்லாஹ்ட்ட ஏழு நாள் கேக்கிற எண்டு சொன்னீங்க தானே. நடுவுல நான் பூந்து கதைக்கிறது சரியில்ல எண்டு நினச்சன். ஏழு நாள் முடியட்டும் எண்டு இருந்தன்."

அவள் காத்திருந்திருக்கிறாள். நான் சொன்ன வார்த்தையை நான் மதிக்கவில்லை, அவள் மதித்திருக்கிறாள். எனக்குத் தரையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. "தாதிப் படிப்புக்குப் போங்க மகள். இனி நான் குறுக்க நிக்க மாட்டன்" என்றேன். "பைல் இல்லாம எப்பிடிப் போற வாப்பா?" என்றாள். அன்று ஏழாவது தடவையாகத் தொழுதேன். கனவு எதுவும் வரவில்லை.

ஞாயிறு காலை பக்கத்து ஊரான தலவிலைக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே அன்னம்மாள் தேவாலயத் திருவிழா. சர்பத் கடைக்காரர் ஒருவர் ஆறு கட்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அப்போது போன் அடித்தது. அந்த அலுவலகத்துச் சிங்களப் பிள்ளை. முதலாளி ஊரில் இல்லாததால் அலுவலகப் போனை அணைத்துப் பையில் போட்டிருந்ததாம், அன்று காலைதான் திறந்து பார்த்ததாம். "அங்கிள், உங்கட நம்பர்ல இருந்து இவ்வளவு கோல் வந்திரிக்கி, என்ன கரச்சல்?" என்று சிங்களத்தில் கேட்டது. சொன்னேன்.

"பைல் கொழும்புல இல்ல அங்கிள்" என்றது. "திங்கக்கிழம குருணாகலுக்குக் கொண்டு போய் உறுதிப்படுத்தணும் எண்டு சேர் சொன்னார். இங்க இருந்தே போகலாம் எண்டு நான் கையோட கொண்டு வந்திட்டன். நாங்க வீட்டாக்களோட தலவில திருவிழாவுக்கு வந்திரிக்கம்."

நான் லொறிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். முந்தாநாள் கொழும்பில் கதவை ஆட்டியவன் நான். பைல் என் ஊர்ப் பக்கமாகவே, நான் ஐஸ் கொண்டுபோக இருந்த இடத்துக்கே வந்து காத்திருக்கிறது.

தலவிலையில் சனம் நிறைந்து கிடந்தது. மரங்களுக்குக் கீழே கட்டியிருந்த கூடாரம் ஒன்றில் அந்தப் பிள்ளை இருந்தது. துவாய்க்குக் கீழே இருந்து பைலை எடுத்து, ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்துத் தந்து, திருப்பி எடுத்ததாக என்னிடம் ஒரு கையெழுத்தும் வாங்கியது. பிறகு மெதுவாக, "உங்கட மகள் முதலே ரெண்டு தரம் கோல் எடுத்து, அந்தக் கல்லூரிய இங்க ஏத்துக் கொள்ளுவாங்களா எண்டு கேட்டா அங்கிள். என்னால உண்மையச் சொல்ல ஏலாமப் போச்சி. மன்னிச்சுக் கொள்ளுங்க" என்றது. தன் உதவியை எந்தக் கையில் வைத்து அனுப்புவது என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்காக நான் இன்றும் துஆ கேட்கிறேன்.

முதலில் அல்லாஹ் என்னைத் திருப்பினான். மறுநாள்தான் அந்தக் காரியத்தை என்னை விட்டுத் திருப்பினான்.

திங்கட்கிழமை நானும் மகளும் போனோம். பதிவு முடிந்தது. வாடியில் கேட்டவர்களுக்கு, "கடல் கடந்து போகல்ல, தாதிப் பட்டப்படிப்பு படிக்கிறா" என்று நானே சொன்னேன். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருத்தன் சிரித்தான். நான் ஐஸை இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

இதை வாசிக்கும் தகப்பன்மாருக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். இஸ்திகாரா தொழுங்கள், அவன் பதில் தராமல் விடமாட்டான், அதற்கு நான் சாட்சி. ஆனால் தொழுவதற்கு முன் உங்கள் பிள்ளையிடம் போய் உட்காருங்கள். விசயம் தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள். கேட்கிறேன் என்று சொன்ன நாட்களை முழுசாகக் கேளுங்கள். ஏழு நாளும் நான் அல்லாஹ்விடம் கேட்டேன், ஏழாம் நாள் அஸருக்குப் பிறகுதான் மகளிடம் கேட்டேன்.

நான் முழுக்கத் திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கழுத்தில் குழாயோடு ஒரு சின்ன வயது டொக்டர் பிள்ளை கடந்து போனால், இன்றும் எனக்குள் ஏதோ புரளும். அன்று இரண்டு ரக்அத் தொழுவேன். அந்த துஆவின் கடைசியில், நீ தந்ததை மனநிறைவோடு என்னைப் பொருந்திக்கொள்ள வை என்று ஒரு வரி இருக்கிறது. அதை இரண்டு தரம் ஓதுவேன். மகளுக்காக இல்லை, அவள் அங்கே சந்தோசமாக இருக்கிறாள். எனக்காக.