நாலாவது படி

பெயிண்ட் அக்காவுக்கு உட்கார்ந்து படிக்க நேரம் கிடையாது. நின்றுகொண்டு படிக்கலாம், அதுவும் கையில் ஏதாவது வேலை இருந்தால். பன்னிரண்டு வருஷமாகப் பெயிண்ட் கிடங்கில் வருகிற டின்னையும் போகிற டின்னையும் குறித்துவைக்கும் உத்தியோகம். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் அது. மேற்பார்வையாளர் தேர்வில் தேறிவிட்டால் தனி மேசையும் கதவு வைத்த அறையும் கிடைக்கும். அந்தக் கதவுக்காகத்தான் அவள் ஏங்கினாள். சாத்திவிட்டால் யாரும் வந்து எதையும் கேட்கமாட்டார்கள் அல்லவா?

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தாள். பாடத்தைத் தன் குரலிலேயே செல்போனில் பதிந்து, வேலை செய்தபடி கேட்டாள். துணி மடிக்கும்போது சரக்கு அடுக்கும் முறை, பாத்திரம் தேய்க்கும்போது தீ விபத்து. பதிவு செய்ததுகூட அடுப்படியில் நின்றுதான். தீயணைப்பின் மூன்றாவது படியை வாசித்தபோது உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.

"என் துண்டு எங்க?"

"கொடியில தொங்குது, கண்ணைத் தொறந்து பாருங்க!"

அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். கடுகளவு திருகு தரையில் உருண்டாலும் பொறுக்கிவிடுவார். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கண் எங்கே போகுமோ, கடவுளுக்கே வெளிச்சம்.

பதில் சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிய இவள் பார்வை ஐந்தாவது படியில் விழுந்தது. மறுநாள் கேட்டபோது தன் கத்தலும் அதில் பதிவாகியிருக்கச் சிரித்துவிட்டு, நாளைக்கு மாற்றிப் பதியலாம் என்று விட்டாள். அந்த நாளை வரவே இல்லை. ஒரு மாதம் அதையே கேட்டுக் கேட்டுக் கரைத்துக் குடித்தாள்.

தேர்வு வாய்மொழியாக நடந்தது.

"கிடங்குல தீப்பிடிச்சா என்ன செய்வீங்க? வரிசையாச் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

அவள் வலது கை மடியில் வட்டமாகச் சுழல ஆரம்பித்தது. பாத்திரம் தேய்த்தால்தானே பாடம் வரும்!

"ஒண்ணு, மெயின் சுவிட்சை அணைக்கணும். ரெண்டு, தொறந்திருக்கிற டின்னை மூடணும். மூணு, ஜன்னலைச் சாத்தணும். கொடியில தொங்குது, கண்ணைத் தொறந்து பாருங்க. அஞ்சு, மணலை அள்ளி…"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"கொடியில என்னம்மா தொங்குது?"

"துண்டு, சார்."

"நாலாவது படி?"

எவ்வளவு யோசித்தும் துண்டுதான் வந்தது. கை நின்றுவிட்டது.

"துணைக்கு ஆளைக் கூப்பிடணும்மா. இதுகூடத் தெரியாம எப்படி? தீ விஷயத்துல ஒரு படி விட்டாலும் தேற முடியாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

வழியெல்லாம் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. துண்டின்மேலும் இருந்தது, தன்மேலும் இருந்தது. வீட்டுக்கு வந்தால் காலையில் போட்ட பாத்திரம் போட்டபடியே கிடந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயைத் திறந்தாள்.

"என்ன ஆச்சு?" கூடத்தில் நாற்காலியில் சாய்ந்தபடி வீட்டுக்காரர் கேட்டார்.

"ஊத்திக்கிச்சு."

"அடடா! உனக்கு எப்பவுமே கவனம் ஒரு இடத்துல நிக்காது. படிக்கும்போது படிப்பை மட்டும் பார்க்கணும்."

கரண்டியைத் தேய்த்த கை அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் இந்தத் தொட்டியருகே நின்று எத்தனையோ கேள்விக்குப் பதில் கத்தியிருக்கிறாள். ஒருநாளாவது யாரையாவது கூப்பிட்டிருக்கிறாளா?

"இங்க வாங்க."

குரலில் என்ன இருந்ததோ, அவர் உடனே எழுந்து வந்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு விலகி நின்றாள்.

"தேய்ங்க."

அவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு தொட்டியின் முன் நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மேலே அலமாரியைக்கூட ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, தேய்க்கிற நார் எங்க?"

அது அவர் கண்ணெதிரே, குழாய்க்கு நேர்கீழே, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது.