பாட்டுப் பாடும் டிரில்

என் சகலையைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவர் மேல் எனக்கு இருக்கும் எரிச்சலுக்கு முக்கியமான காரணமே அதுதான். குடிக்கமாட்டார், கத்தமாட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிற அம்மாக்களிடமெல்லாம் “இந்த ஃபிரேம்ல பத்து வயசு குறைஞ்சிட்டீங்க” என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அந்த வாயை வைத்துக்கொண்டு, எங்கள் மாமியார் வீட்டில் ஐந்தே வருஷத்தில் எனக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் சுவரில் ஓட்டை போடுகிறவன். திரைச்சீலைக் கம்பி, அலமாரி, டிவி, எது சுவரில் தொங்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத் தொழில். ஏரியாவில் எனக்குப் பேரே ஓட்டைக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு எனக்கு ஏறவில்லை, ஆனால் எந்தச் சுவரில் எவ்வளவு ஆழத்தில் செங்கல் வரும் என்று கேளுங்கள், சொல்கிறேன். என் டிரில் நாலு கிலோ கனம். ஒயரில் ஐந்து இடத்தில் டேப் சுற்றியிருக்கும். ஆன் பண்ணினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

அத்தை வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கொக்கியும் இந்தக் கையால் போட்டது. கல்யாணமான முதல் வாரமே அவர்கள் குளியலறையில் கண்ணாடி மாட்டிக் கொடுத்தவன் நான். “எங்க பெரிய மாப்பிள்ளை கை வச்சா அசையாது” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொல்வார். மாமியார் வீட்டில் எனக்கு இருந்த சொத்து அந்த ஒரு வார்த்தைதான்.

அதில்தான் மண் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது சகலை ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சோபாவில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு டிரில். ஒயர் கிடையாது. கிளிப்பச்சை நிறம், துப்பாக்கி வடிவம். விசையை அழுத்தினால் முனையில் நீல வெளிச்சம் வருகிறது. பின்பக்கம் ஒரு சின்ன ஸ்பீக்கர், போனோடு சேர்த்துவிட்டால் ஓட்டை போட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கலாமாம். எவனுக்குத் தோன்றியதோ!

“ஐயோ, வெயிட்டே இல்லைங்க!” என்றாள் என் மனைவி, அதைக் கையில் வாங்கி. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக என் டிரில் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஒரு நாள்கூட அவள் அதைத் தொட்டதில்லை.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. வாங்கினது சரிதானே?” என்று சகலை கேட்டார்.

“எந்தப் பொம்மைக் கடையில வாங்கினீங்க?” என்றேன்.

மனுஷன் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வயிறு குலுங்கச் சிரித்தார். என் மனைவிதான் என்னை முறைத்தாள்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அதை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பிடித்திருந்தது. கைக்கு அடக்கமாக இருந்தது. விசையை லேசாக அழுத்தினேன். எங்கே கை பட்டதோ, குத்துப்பாட்டு ஒன்று வீடே அதிர அலற ஆரம்பித்தது. அணைக்கத் தெரியவில்லை. எச்சில் கையோடு எல்லாரும் ஓடிவந்து என்னைப் பார்த்தார்கள். சகலை வந்து ஒரு விரலால் அணைத்தார்.

அடுத்த மாதம் அத்தைக்கு முழங்காலில் ஆபரேஷன். குளியலறையில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சும்மா இருப்பேனா? கனமான எஃகுக் கம்பி, விரல் நீளத்துக்கு ஸ்க்ரூ, ஓட்டைக்குள் அதைக் கவ்விப் பிடிக்கிற பிளக், எல்லாம் என் வேலைப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். கூப்பிடுவார்கள், போகலாம் என்று கெத்தாகக் காத்திருந்தேன். அத்தை வீடு திரும்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் என் மனைவி வந்து சொன்னாள், “தங்கச்சி வீட்டுக்காரரே கம்பியைப் போட்டுட்டாராம். வாங்க, பாத்துட்டு வரலாம்.”

“யாரைக் கேட்டுப் போட்டாரு?”

“அவர் இருக்கிற வீடு. யாரைக் கேக்கணும்? இங்க பாருங்க, அவர் சோபா வாங்கினா சரியில்ல, வண்டி வாங்கினா சரியில்ல. இதுலயாவது நொட்டம் சொல்லாம வாங்க.”

போனோம். சகலையும் மச்சினியும் அத்தையோடுதான் இருக்கிறார்கள். குளியலறைச் சுவரில் கம்பி பளபளவென்று இருந்தது. கோணல்கூட இல்லை, அதுவாவது இருக்கக் கூடாதா என்று பார்த்தேன். மூலையில் மச்சினி கூட்டி வைத்த தூள் குப்பை முறத்தில் அப்படியே கிடந்தது. குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இருந்தது.

என் தொழிலில் தூள்தான் சாட்சி. அந்தச் சுவர் செங்கல் சுவர். பதினெட்டு வருஷத்துக்கு முன் கண்ணாடி மாட்டியபோது என் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது. டைல்ஸ் தாண்டி, பூச்சு தாண்டி, செங்கல்லுக்குள் டிரில் பிட் இறங்கினால் தூள் சிவப்பாகத்தான் வரும். முறத்தில் சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை. பொம்மை டிரில் பூச்சோடு நின்றுவிட்டது. பெட்டியோடு வந்த குட்டி ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கியிருக்கிறார். துண்டு போட்டால் தாங்கும். ஆள் பிடித்துத் தொங்கினால் தாங்காது.

“எப்படிண்ணே இருக்கு?” என்றார் சகலை. முகமெல்லாம் பல். பின்னால் என் மனைவி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கு” என்றேன்.

சொன்னால் பொறாமை என்பார்கள் என்று பயந்து சொல்லவில்லை என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அந்தக் கம்பி ஒரு நாள் எல்லார் முன்னாலும் கையோடு வரட்டும், அன்றைக்கு இந்த வீட்டில் யார் யார் என்று தெரியட்டும் என்று நினைத்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அதை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். அது யார் கையோடு வரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் திரைச்சீலைக் கம்பி போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் தேநீரோடு வந்து நின்றார்.

“இப்ப ஒயர் இல்லாம, பாட்டெல்லாம் பாடுற மாதிரி டிரில் வருதே, வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாமா?”

“படம் மாட்ட, கதவு ஸ்க்ரூ முடுக்க வாங்கலாம் சார், நல்லாவே இருக்கும். ஆள் பாரம் தாங்குற எதையும் அதை நம்பிப் போட்டுடாதீங்க. வயசானவங்க யாராவது பிடிச்சா...” என்று சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு வாய் அடைத்துவிட்டது. என் கால் பக்கம் தரையெல்லாம் சிவப்புத் தூள். மணி பதினொன்றரை. அத்தையைப் பன்னிரண்டு மணிக்கு அழைத்து வருகிறார்கள்.

“சார், மதியம் வந்து முடிச்சுக் குடுக்கிறேன்.” டிரில்லையும் ஒயரையும் பையில் திணித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அன்றைக்குப் பார்த்து எல்லா சிக்னலும் சிவப்பு.

நான் உள்ளே நுழையும்போது அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றார். ஒரு கை கம்பியை நோக்கி நீண்டுவிட்டது. “அத்தை, தொடாதீங்க!” என்று கத்தினேன். இடித்துத் தள்ளாத குறையாக உள்ளே புகுந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு. நாலு ஸ்க்ரூவும் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. ஒரு டைல்ஸ் உடைந்து தரையில் விழுந்தது.

சகலையின் முகம் வெளுத்துப்போனது. அத்தையோடு வந்திருந்த என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஹா, அந்த நிமிஷம்! அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

“செங்கல்லையே தொடலை பாருங்க” என்று ஆரம்பித்தேன். “எனக்கு இதெல்லாம் பாத்தவுடனே தெரியும். தூள் சாம்பலா இருந்துச்சு. செங்கல்லுக்குள்ள போயிருந்தா சிவப்பால்ல வரணும்? இருபத்திரண்டு வருஷம் சார்... இல்ல, அத்தை.”

அத்தை என் காலடியைப் பார்த்தார். உடைந்த டைல்ஸைத் தவிர தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

“தூளை எப்ப பாத்தீங்க மாப்ளே?”

“நேத்து சாயங்காலம், முறத்துல...”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் மனைவி தரையைப் பார்த்தாள்.

“நேத்தா?” என்றார் அத்தை. நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பையிலிருந்த என் கம்பியை எடுத்து வேலையை ஆரம்பித்தேன். குளியலறையில் வெளிச்சம் போதவில்லை. சகலைதான் அந்தக் கிளிப்பச்சை டிரில்லை எடுத்துவந்து, நீல வெளிச்சத்தைச் சரியாக என் பிட் முனையில் காட்டினார். ஒரு கையால் என் ஒயரையும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “நான் அத்தையைக் கொன்னிருப்பேன்ணே” என்றார். தூள் சிவப்பாகக் கொட்டியது. என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.

முடித்துவிட்டு, எல்லாரும் பார்க்க, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு என் முழுப் பாரத்தோடு கம்பியில் தொங்கிக் காட்டினேன்.

“அசையல அத்தை” என்றேன். அந்த வார்த்தையை அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

அத்தை வாக்கரோடு வந்து வாசலில் நின்றார்.

“வேற ஏதாவது பாத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க மாப்ளே.”

“எதுவும் இல்ல அத்தை.”

வலது கையால் என் கம்பியைப் பிடித்தார். இடது கையால் சின்ன மாப்பிள்ளையின் தோளையும் பிடித்துக்கொண்டார்.