வஹீதுன்னிசாவின் வரிசை

பூந்தமல்லி வஹீதுன்னிசாவுக்கு யார் சிரித்தாலும் ஆகாது. சிரிப்பின் மேல் அவளுக்குப் பகை ஒன்றும் இல்லை. எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பது தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். கறிக்கடைக்காரர் சலாம் சொல்லிச் சிரித்தால் இவள் கண் தராசுக்குப் போகும். மருமகள் ஃபிசா சிரித்தால் பாலைப் பொங்கவிட்டிருப்பாள் என்று நேரே அடுப்பங்கரைக்குப் போவாள். பெரும்பாலும் பால் பொங்கித்தான் இருக்கும். அதுதான் அவளைக் கெடுத்தது.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. கணவர் அப்துல் ஜப்பார் காலமான பிறகு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதி உடுப்பு தைக்கும் ஒரு கம்பெனியின் வாசலில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள். ஷிஃப்ட் விட்டதும் பெண்கள் வரிசையாக வருவார்கள். பையையும் உடம்பையும் தடவிப் பார்த்து வெளியே அனுப்ப வேண்டும். பட்டன் பாக்கெட், ஜிப், குழந்தைச் சட்டைக்குக் காணும்படியான துண்டுத்துணி, எதுவானாலும் மேலாகத் தொட்டாலே அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மத்தியானச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பஸ்ஸில் அவளைக் கண்டதும் காலி சீட்டில் பையைத் தூக்கி வைத்துவிடுவார்கள். வரிசையில் எல்லாருமே கடைசியில் நிற்கத்தான் பார்ப்பார்கள். அவள் கை பட்டதும் ஒவ்வொருத்தியின் தோளும் இறுகிப்போகும். வருஷக்கணக்கில் அதையே தொட்டுத் தொட்டு, மனிதத் தோள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது, தங்கை மகள் ரூஹி அவளுக்கு ஒரு மே மாத வேலை பிடித்துக் கொடுத்தாள். திருமழிசைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை லீவுக்கு வாடகைக்கு எடுத்து, அசோக் என்பவர் சம்மர் கேம்ப் நடத்துகிறார். பிள்ளைகள் காலையில் வேனில் வருவார்கள், சாயங்காலம் வேனில் போவார்கள். நடுவில் ஓவியம், செஸ், களிமண் பொம்மை, ஓட்டம், ஆட்டம். பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வஹீதுன்னிசாவின் பொறுப்பு.

முதல் நாளே அவளுக்கு அந்த இடம் சரியாகப் படவில்லை. ஓவியம் சொல்லித்தரும் திவ்யா காரணமே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். கேட்காமலேயே ஸ்டாஃபுக்குத் தர்பூசணி வந்தது. மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, உங்கள் டப்பாவில் என்ன வஹீதாம்மா என்று உரிமையோடு கையை விட்டுச் சாப்பிட்டார்கள். தன் வாயைக் கிளறத்தான் இத்தனையும் என்று தீர்மானித்து, அன்று முழுக்க அவள் ஆமாம், இல்லை என்பதற்கு மேல் பேசவில்லை. சம்பளமும் கொடுத்து, சிரிக்கவும் விடுகிற இடத்தில் ஏதோ வில்லங்கம் இருந்தே தீர வேண்டும்.

சாயங்காலம் பிள்ளைகள் வேனுக்கு வரிசையாக வந்தபோது, பழக்கதோஷத்தில் அவள் கை தானாகப் போய் ஒரு சிறுமியின் பையைத் தொட்டது. கேம்பில் எல்லாருக்கும் கொடுத்த துணிப்பை. "குதிரை" என்றாள். சிறுமி திருதிருவென்று விழித்தாள். உள்ளே செஸ் குதிரை ஒன்று இருந்தது, விளையாடிய மறதியில் வந்துவிட்டதாம். பார்க்காமல் எப்படிச் சொன்னார்கள் என்று வரிசை முழுக்க வாயைப் பிளந்தது.

மறுநாள் ஒரு பையில் இறகுப்பந்து. அடுத்து கத்தரிக்கோல், சாக்பீஸ் டப்பா, கேரம் காய். போகப்போக ஏதாவது இல்லாத பையே இல்லை என்றாகிவிட்டது. அவள் தொட்டுப் பெயரைச் சொல்வாள், பிடுங்குவாள், கொண்டுபோய் அலமாரியில் வைப்பாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் வேறு. மற்ற ஸ்டாஃப் அந்த நேரத்தில் உள்ளே அறைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார்கள். இந்த வயதிலேயே இப்படித் தேறிவிட்டார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அதைவிட அதிகமாக உறுத்தியது, வரிசையில் முதல் ஆளாக நிற்க அவர்கள் போட்ட சண்டை. எடுத்தவள் கடைசியில்தான் நிற்பாள், அவள் அறிந்த உலகத்தில் அதுதான் நடைமுறை. முன்னால் வந்து நிற்பது புதுவிதமான தந்திரம் என்று எண்ணிக்கொண்டாள்.

அந்தப் பிள்ளைகளில் ஜோதிகா மேல்தான் அவளுக்குச் சந்தேகம் அதிகம். பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் அங்கம்மாவின் மகள். தாய்க்காக அசோக் சார் கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொண்ட பிள்ளை. இல்லாதவர்கள் பையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது கம்பெனிப் பாடம். ஒரு வியாழக்கிழமை ஜோதிகா முட்டி மோதி முன்னால் வந்து பையை நீட்டினாள். மேலே பஞ்சு, அதற்குள் சாக்ஸ், அதற்குள் வஹீதுன்னிசாவின் விரல் நின்றது. "வாட்ச்" என்றாள். வண்ணம் கலக்கும்போது திவ்யா கழற்றி வைக்கிற வாட்ச். ஜோதிகா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பின்னாலிருந்து ஒரே கூச்சல்.

சும்மா போட்டுக்கொண்டு வருகிறவள் மறந்தவளாக இருக்கலாம், சுற்றி வைக்கிறவள் திருடிதான். கம்பெனியில் இது ஒருநாளும் பொய்த்ததில்லை. அவள் நேரே அசோக்கிடம் போய், ஜோதிகா பையில் வாட்ச் இருந்தது, பஞ்சில் சுற்றி வைத்திருந்தாள் என்று மட்டும் சொன்னாள். அசோக் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் இந்த மாதிரி விஷயத்தில் சீக்கிரம் பயந்துவிடுவார்கள். அங்கம்மாவைக் கூப்பிட்டு, உன் வேலைக்கு ஒன்றும் இல்லை, பெண்ணை மட்டும் இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அங்கம்மா துடைப்பத்தோடு வருவதைப் பார்த்ததும் வஹீதுன்னிசா சண்டைக்குத் தயாராக இடுப்பில் முந்தானையைச் செருகினாள். அங்கம்மா சண்டை போடவில்லை. கிட்ட வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"நேத்து நைட்டு பூரா அழுதுகினே இருந்துச்சிக்கா. ஏன்டி எடுத்தேன்னு அடிச்சி கேட்டேன். அந்த ஆன்ட்டி எத வச்சாலும் கண்டுபுடிச்சிடுது, அதான் கஷ்டமா ஒண்ணு வச்சேன், சுத்திகூட வச்சேன், அப்பவும் சொல்லிடுச்சும்மான்னு சொல்லுது. எனுக்கு ஒண்ணும் வெளங்கல. உனுக்கு எதுனா வெளங்குதா?"

வஹீதுன்னிசா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அலமாரியிலிருந்து இதுவரை ஒரு கேரம் காய்கூடக் காணாமல் போனதில்லை. கேலி என்று நினைத்த கைதட்டல், தந்திரம் என்று நினைத்த முண்டியடிப்பு, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஓவியமும் ஓட்டமும் ஒரு பக்கம் இருக்க, நாள் முழுக்க அந்தப் பிள்ளைகள் காத்திருந்தது இவள் கைக்காக. இவள் தொடுவதற்காக. அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம் வந்தது, கண்ணில் நீர் வரும் அளவுக்கு. கூடவே பயமும் வந்தது. உண்மையைச் சொன்னால், யாரும் சொல்லாமலே தினமும் பையைச் சோதித்ததும் வெளியே வரும். அதோடு அந்த வரிசை போய்விடும். வாட்ச் தவறி விழுந்திருக்கும் என்று மழுப்பிப் பார்க்கலாம். ஆனால் பஞ்சைச் சுற்றிக்கொண்டா விழும்? இனி கேம்பில் எது காணாமல் போனாலும் எல்லாரும் ஜோதிகாவைத்தான் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும், அவளே அந்த ரகம்தான்.

எழுந்து அசோக்கிடம் போனாள்.

"நான்தான் சார் தப்பா புடிச்சிட்டேன்" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. செஸ் குதிரையிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். அசோக்குக்கு முதலில் பெரிய நிம்மதி. பிறகு முகம் மாறியது. பிள்ளைகள் பையைத் தினமும் சோதிக்கச் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றாள். பெற்றோர் காதுக்குப் போனால் அடுத்த வருஷம் கேம்பே இருக்காது, இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஜோதிகா திங்கட்கிழமை வரட்டும் என்றும் சொன்னார்.

வந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் வேனுக்கு முன்னால் யாரும் சொல்லாமலே வரிசை நின்றது. முதல் ஆள் ஜோதிகா. பை உப்பியிருந்தது. இரண்டு நாள் லீவில் எதை யோசித்து வைத்தாளோ, முகத்தில் அப்படி ஒரு பெருமை. பையை நீட்டினாள். வஹீதுன்னிசா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏறு கண்ணு, நேரமாச்சு."

"இன்னா ஆன்ட்டி, தொட்டு சொல்லு."

"அதெல்லாம் இனிமே கிடையாது."

ஜோதிகா பையை இறக்காமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ எம்மேல உனுக்கு சந்தேகமே இல்லியா?"

இதை வஹீதுன்னிசா தான் பெற்ற மகனிடம்கூடச் சொன்னதில்லை.

"இல்லடி. கொஞ்சங்கூட இல்ல."

ஜோதிகாவின் முகம் சுண்டிப்போயிற்று. பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வேனில் ஏறியவள், இவள் நின்ற பக்கம் இடம் இருந்தும், அந்தப் பக்க ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.