பொம்மையன் கடைப் பலகை

அடிபட்ட கார்களுக்கு நசுங்கல் எடுத்துப் பெயிண்ட் அடிப்பது ஆசாத்தின் தொழில். திண்டுக்கல் பழனி ரோட்டுப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. அவர் அடித்த கதவையும் அடிபடாத கதவையும் பக்கத்தில் வைத்தால் எது புதுப் பெயிண்ட் என்று வண்டிக்காரருக்கே தெரியாது. அந்தப் பெருமை அவரிடம் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. பெண் பார்க்கப் போன அன்று ருக்ஸார் டீத் தட்டோடு வந்து நின்றபோது, மாப்பிள்ளை பீரோவின் பெயிண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அவரு சம்மதம் சொன்னது பீரோவுக்கு. நான் கூட வந்தேன்" என்று ருக்ஸார் இன்றைக்கும் சொல்வாள்.

பட்டறைக்கு எதிரே பொம்மையனின் சலூன். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு முடிவெட்ட, நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே போடும் ஒரு பலகை இருந்தது. அதன்மேல் ஏற்றி உட்காரவைத்தால்தான் பிள்ளையின் தலை கத்தரிக்கு எட்டும். பெயிண்ட் உரிந்து, ஓரத்தில் சிலாம்பு கிளம்பி, அது ஒரு பிள்ளையின் டவுசரைக் கிழித்துவிட்டது.

"பாய், இதுல ஒரு கை பெயிண்ட் அடிச்சுக் குடுங்க. செத்த நேர வேலதான்" என்று கொண்டுவந்தார் பொம்மையன்.

"சாயங்காலம் வாங்கிக்கங்கண்ணே" என்றார் ஆசாத். எந்தச் சாயங்காலம் என்று சொல்லவில்லை.

பழைய பெயிண்டை அடியோடு சுரண்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மரத்தில் பள்ளம் தெரிந்ததால் பட்டி வைத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தார். பிரைமர் அடித்து, நைசான தாளைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, விரல் நுனி மரத்துப்போகும்வரை தேய்த்தார். ஆறாம் நாள் நீலம் அடித்தார். ஈரத்தில் ஒரு கொசு வந்து ஒட்டி உயிரை விட்டது. திரும்பத் தேய்ப்பு. அடுத்த பூச்சில் லாரி கிளப்பிய தூசி. அதற்கும் தேய்ப்பு. பட்டறையே சரிப்படாது என்று ஸ்ப்ரே கன்னையும் கம்ப்ரசரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளறைத் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, பெயிண்ட் அடித்து, கட்டிலில் இருந்த கொசுவலையை அவிழ்த்துப் பலகைக்குக் கட்டினார்.

ருக்ஸார் வாசற்படியில் நின்று பார்த்தாள். "மூணு பிள்ள பெத்தேன். ஒண்ணுக்குக்கூட நீங்க கொசுவலை கட்டுனதில்ல."

"அங்கிட்டு நின்னு பேசு. எச்சில் தெறிக்கும்."

பொம்மையன் தினமும் ரோட்டைத் தாண்டி வந்து கேட்டுப் பார்த்தார். "பாய், நான் குடுத்தது பலகை. காரு இல்ல."

பன்னிரண்டாம் நாள் பலகை சலூனுக்குப் போனது. மேலே சுற்றும் ஃபேன் அதில் தெளிவாகத் தெரிந்தது. ஷேவிங்குக்குக் காத்திருந்த ஒருவர் அதில் குனிந்து மீசையைச் சரிபார்த்துக்கொண்டார். ஆசாத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. வேலை எதுவும் இல்லாவிட்டாலும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்த பிள்ளை ஐந்து வயது தமிழ்நிலா. அம்மா மகேஸ்வரி கூட்டி வந்திருந்தாள். பொம்மையன் பிள்ளையைத் தூக்கிப் பலகையில் வைத்து, நெற்றி முடியில் கத்தரியை வைத்தார். பட்டுப்பாவாடை போட்டிருந்த பிள்ளை சர்ரென்று வழுக்கி நாற்காலிக்குள் இறங்கியது. கத்தரி தன் போக்கில் வெட்டி முடித்திருந்தது.

"ஐயையோ, நெத்தியில மாடிப்படி கட்டிட்டீங்களே!" என்றாள் மகேஸ்வரி.

தமிழ்நிலா கைதட்டினாள். "இன்னொரு தடவ!"

பொம்மையன் பலகைமேல் துண்டை விரித்துப் பார்த்தார். துண்டும் பிள்ளையும் சேர்ந்து இறங்கின. அன்றைக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் சறுக்கிய பிறகு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க பாய். அம்புட்டு நல்லாருக்கு. உக்காரத்தான் முடியல."

"பிள்ளைகளுக்கு உக்காரத் தெரியல" என்றார் ஆசாத்.

பலகையோடு வீட்டுக்குப் போய் அங்கேயும் அதையே சொன்னார். ருக்ஸார் இரண்டு ஸ்டூல்களின் மேல் பலகையை வைத்தாள். "உங்களுக்குத் தெரியும்ல. உக்காருங்க."

உட்கார்ந்தார். அடுத்த நொடி தரையில் இருந்தார். ருக்ஸார் சிரித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு சொரசொரப்பான உப்புத்தாளைத் தேடி எடுத்தார்.

முதல் தேய்ப்புக்குக் கை வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடுப்பகுதியில் மட்டும் தேய்த்தார். பதினோரு நாள் மினுமினுப்பு பத்து நிமிடத்தில் மங்கிப்போனது.

அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் வழுக்கவில்லை. பொம்மையன் சந்தோஷமாக இருந்தார். ஆசாத்துக்குத்தான் அந்தப் பக்கம் போகவே மனசில்லை.

அடுத்த மாதம் முகத்தில் முள்தாடி குத்தவே, வேறு வழியில்லாமல் போனார். தமிழ்நிலா பலகையில் உட்கார்ந்து, சறுக்கப் பார்த்தும் நகராமல், தனக்கு அடியிலிருந்த சொரசொரப்பைக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். இவர்தான் பெயிண்ட் அடித்தவர் என்று பொம்மையன் சொன்னதும் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, நல்லா இருந்த பலகைய ஏன் இப்புடிக் கெடுத்து வச்சிருக்கீங்க?"

ஆசாத் ஷேவிங்கைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ருக்ஸார், சலூன்ல ஒரு அஞ்சு வயசுப் பிள்ள, நல்ல பலகைய ஏன் கெடுத்தீங்கன்னு கேக்குது. அந்தப் பிள்ளைக்கு வேலை தெரியுது" என்றார்.

"அஞ்சு வயசுப் பிள்ளையாவது சொல்லுச்சே" என்றாள் அவள். "கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."